ஓமான் கஞ்சர்: வாங்கும் முன் எங்கே பார்ப்பது?

கஞ்சர் என்பது ஓமானியரின் வளைந்த குத்துவாள். முதலில் உறை. ஓமானியக் கஞ்சரின் உறை ஏறக்குறையச் செங்கோணமாக மடங்கும். அதில் வெள்ளி வளையங்கள் பொதுவாக 4. 7 இருந்தால் சயீதி வகை, ஓமான் அரச குடும்பத்தின் பெயரால் வழங்குவது.

ஏமாற்று அதிகம் நடப்பது பிடியில்தான். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: காண்டாமிருகக் கொம்பில் மயிரிழை போன்ற நார்கள் நெடுக்காக ஓடும், வெட்டுமுகத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும். பிளாஸ்டிக்கில் அச்சுக்கோடு காட்டிக்கொடுத்துவிடும். அசல் கொம்பென்று துள்ளிக் குதிக்காதீர்கள்; 1977 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப்படி அதன் சர்வதேச வணிகத்துக்குத் தடை, சுங்கத்தில் பறிபோகும்.

கத்தி அலகின் நடுவே இருபுறமும் தண்டு மேடாக ஓட வேண்டும். வெறும் தகடு என்றால் சுற்றுலாச் சரக்கு. வெள்ளிப் பாகங்களின் தேய்ந்த விளிம்பில் மஞ்சள் தெரிந்தால் முலாம் பூசிய பித்தளை. வெள்ளி வேலைப்பாட்டின் பள்ளத்தில் படிந்த கறுப்பைத் தேய்த்து எடுக்காதீர்கள், விலை இறங்கும். பழைய அலகுக்குப் புதுப் பிடி போடுவதும் உண்டு; எனவே ஒவ்வொரு பாகத்தின் வயதையும் தனித்தனியே கணியுங்கள்.