சாரலுக்குப் பயந்து கரியடுப்பை உள்ளே தூக்காதீர்கள்

போன வாரம் செங்கோட்டையை அடுத்த புளியரைப் பக்கம் ஒரு தோப்பு வீட்டில் விருந்து. கொல்லத்தில் இருந்து வந்த சொந்தக்காரர்கள் அல்ஃபாம் என்கிற அரபு நாட்டுச் சுட்ட கோழிக்கான மசாலா கொண்டுவந்திருந்தார்கள், வீட்டுப் பையன் புதிதாக பார்பிக்யூ அடுப்பு வாங்கியிருந்தான். அவன் பின்னால் ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் பண்ணின கூத்தை ஒன்றுவிடாமல் பண்ணினான். கையைச் சுட்டுக்கொள்ளாதே, பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை, அது உங்களுக்கே தெரியும்.

மழை வந்ததும் அடுப்பை உள்ளே நகர்த்துவது

இதைத்தான் முதலில் சொல்லியாக வேண்டும். ஆனி ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று சாரலை அள்ளிக்கொண்டு வரும்போது செங்கோட்டைக்காரன் எவனுக்கும் வெளியே நின்று கறி சுடப் பொறுமை இருக்காது. எனக்கும் இல்லை. கார் ஷெட்டுக்குள் அடுப்பை இழுத்துவிட்டு, சாரல் அடிக்கிறதே என்று ஷட்டரையும் முக்கால்வாசி இறக்கிவிட்டேன். உள்ளே சிரட்டைக்கரி செக்கச்செவேல் என்று கனன்றுகொண்டிருந்தது, புகையே இல்லை, குளிருக்கு இதமாக வேறு இருந்தது. எல்லாரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசினோம்.

ஒரு மணி நேரத்தில் தங்கச்சிக்குத் தலைவலி, மகனுக்குக் குமட்டல். கோழி சரியில்லை என்று நினைத்தோம். அம்மா பித்தம் என்று எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார். மச்சான் பாத்ரூமுக்கு எழுந்தவர் நாலு அடி வைத்ததும் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் ரத்தத்தில் ஆக்சிஜன் 98 சதவீதம், எல்லாம் சரி என்று காட்டியது. நல்லவேளை, அங்கிருந்த டாக்டர் அதை நம்பாமல், “கரி எங்க வச்சு எரிச்சீங்க?” என்று கேட்டார்.

விஷயம் இதுதான். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, வாடை கிடையாது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் ஆக்சிஜனுக்கு இடம் இருக்காது. ஆக்ஸிமீட்டருக்கோ அந்த ரத்தமும் நல்ல ரத்தமும் ஒன்றுபோலத்தான் தெரியும். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். மச்சானுக்கு முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள், பிழைத்தார். அந்த ஒரு ராத்திரிச் செலவுக்கு இரண்டு கிடா வாங்கியிருக்கலாம். அதைவிட, தங்கச்சி இன்றைக்கும் என் வீட்டுக்கு வந்தால் முதலில் ஷட்டரைத்தான் பார்க்கிறாள்.

இதை யாரிடம் சொன்னாலும், “அண்ணாச்சி, சன்னல் திறந்துதானே கிடக்கு” என்கிறார்கள். எனக்கு ஏறும் எரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை. சன்னல் போதாது. மின்விசிறியும் போதாது. புகை அடங்கி மேலே வெள்ளைச் சாம்பல் பூத்த கரிதான் ஆபத்தில்லாததுபோல் ஏமாற்றும், அந்தக் கங்கிலிருந்தும் வாயு வந்துகொண்டேதான் இருக்கும். சமைத்து முடித்த கங்குச் சட்டியைக் குளிர் காயப் படுக்கையறைக்கு எடுத்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள், தூக்கத்தில் தலைவலி கூடத் தெரியாது. ஒரே இடத்தில் இருக்கும் நாலு பேருக்குச் சேர்ந்தாற்போல் தலைவலியும் மயக்கமும் வந்து, யாருக்கும் காய்ச்சல் இல்லை என்றால் கோழியைத் திட்டிக்கொண்டிருக்காமல் எல்லாரையும் வெளியே இழுத்துப் போட்டு 108-க்கு அடியுங்கள்.

மழை வந்தால்? நனையுங்கள். இல்லை, கறியைக் குக்கரில் போடுங்கள்.

பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊற்றிக் கரி பற்றவைப்பது

கூடாது. அணைந்துபோச்சே என்று கங்கின் மேல் ஊற்றுவது அதைவிடக் கூடாது.

கீற்றுப் பந்தலுக்கு அடியில்

ஒரு பொறி போதும். வீட்டுச் சுவரிலிருந்தும் வைக்கோல் படப்பிலிருந்தும் பத்தடியாவது தள்ளி வையுங்கள்.

கொழுப்பில் பிடித்த தீக்குத் தண்ணீர்

புளியரைப் பையன் சொம்போடு வந்தான், கையைப் பிடித்து நிறுத்தினேன். எரியும் எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் அது ஆவியாகி நெருப்பைத் தெறிக்கவிடும். மூடியைப் போட்டு, காற்று வரும் துளைகளை அடைத்தால் தானே அடங்கும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

பச்சைக்கறித் தட்டு

மசாலா தடவின கோழி இருந்த தட்டிலேயே சுட்டதையும் அடுக்குகிறோம். இடுக்கியும் அதேதான். இரண்டு இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே கருகின கோழி உள்ளே வெந்திருக்கும் என்று நம்பவும் வேண்டாம், எலும்பை ஒட்டின சதை 74 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். இறைச்சிக்குக் குத்தும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், நான் அதில்லாமல் அடுப்பு பற்றவைப்பதில்லை. தொட்டுக்கொள்ள மயோனைஸ் வேண்டும் என்றால் முட்டை இல்லாததாக இருக்கட்டும். பச்சை முட்டையில் செய்வதைக் கேரளத்தில் 2023-லேயே தடை செய்தார்கள், நம் பக்கம் 2025 ஏப்ரலில்.

ராத்திரி கொட்டும் சாம்பல்

அணைந்த மாதிரி இருக்கும் கரிக்குள் மறுநாள்கூடச் சூடு இருக்கும். பிளாஸ்டிக் குப்பைக்கூடையிலோ தென்னைமட்டைக் குவியலிலோ கொட்டாதீர்கள். வெளியிலேயே தகர வாளியில் போட்டு, ஆறினபிறகு தண்ணீர் விட்டுக் கிளறி, அதற்கும் மறுநாள்தான் தென்னைக்கு. புளியரையில் அன்றைக்கு ராத்திரி அந்தப் பையன் கங்கோடு அடுப்பைத் திண்ணைக்கு ஏற்றப் பார்த்தான். சாரலில் குடையைப் பிடித்துக்கொண்டு நானே நின்று வாளியில் கொட்ட வைத்தேன்.