வடசென்னையில் வள்ளலார்: கூட்டாக ஒரு விக்கி தொடங்குவது எப்படி?

வள்ளலார் 1823-இல் பிறந்தது மருதூரில். ஆனால் 1858 வாக்கில் கருங்குழிக்குப் போகும்வரை அவர் வளர்ந்ததும் பாடியதும் பெரும்பாலும் இங்கே வடசென்னையில்தான். வீடு ஏழுகிணறு வீராசாமித் தெருவில். தெய்வமணிமாலை பாடியது கந்தகோட்டத்தில். நாள்தோறும் வணங்கப் போனது திருவொற்றியூருக்கு. இந்த வரலாற்றில் பாதி இன்னும் சன்மார்க்க சங்கங்களின் விழா மலர்களிலும் பெரியவர்களின் நினைவிலும்தான் இருக்கிறது. அதைத் தொகுக்க ஒரு விக்கி, அதாவது பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் ஒரு இணையதளம் போதும்.

1. இடம் பிடியுங்கள்

தமிழ் விக்கிப்பீடியா இருக்கிறதே என்று கேட்கலாம். அச்சில் வராத வாய்மொழித் தகவலுக்கு அங்கே இடமில்லை. அதனால் நமக்குத் தனி விக்கி வேண்டும். விக்கிப்பீடியா இயங்கும் அதே மீடியாவிக்கி மென்பொருள் இலவசம். மிராஹெஸ் போன்ற தளங்களில் விண்ணப்பித்தால் சர்வர் செலவும் இல்லை. மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுங்கள். தொகு, பகுப்பு, வரலாறு எல்லாம் தமிழிலேயே வரும். கணக்கு உள்ளவர்கள் மட்டும் தொகுக்கலாம் என்று அமைத்துவிடுங்கள்.

2. ஆள் சேர்க்கும் முன் விதி எழுதுங்கள்

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் படிதான். ஒவ்வொரு தகவலும் எங்கிருந்து வந்தது என்று அதன் பக்கத்திலேயே தெரிய வேண்டும். அச்சு ஆவணமா, வள்ளலாரே எழுதியதா, வழிவழியாகச் சொல்லப்படுவதா?

1874 ஜனவரி 30-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்ற வள்ளலார் ஒளியுடலானார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. அவர் அறைக்குள் போனதையும் பிறகு யார் கண்ணிலும் படாததையும் 1906-இல் வந்த தென்னார்க்காடு மாவட்ட ஆங்கில கெசட்டியர் குறிக்கிறது. கட்டுரையில் இரண்டும் வரட்டும், யார் சொன்னது என்ற குறிப்போடு. ஒன்றை வைத்து மற்றதை அழித்தால் அன்பரும் போய்விடுவார், ஆய்வாளரும் போய்விடுவார். கருத்து வேறுபட்டால் கட்டுரையில் மாற்றி மாற்றி அழிக்காமல், அந்தக் கட்டுரைக்கென்றே இருக்கும் பேச்சுப் பக்கத்தில் பேசட்டும்.

3. முதல் கட்டுரைகள்

ஏழுகிணறு வீடு, கந்தகோட்டம், திருவொற்றியூர், வள்ளலாரின் சீடர் தொழுவூர் வேலாயுத முதலியார், 1867-இல் வெளியான திருவருட்பா (வள்ளலார் பாடல்களின் தொகுப்பு) முதற்பதிப்பு. இந்த ஐந்தையும் நீங்களே ஒழுங்காக எழுதிவிடுங்கள். புதிதாக வருபவர்கள் இவற்றைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். இராமலிங்க அடிகள், இராமலிங்க சுவாமிகள், வள்ளலார் என்று எந்தப் பெயரில் தேடினாலும் ஒரே பக்கம் திறக்க வழிமாற்று போடுங்கள்.

4. பெரியவர்களிடம் போங்கள்

ராயபுரத்திலோ வண்ணாரப்பேட்டையிலோ இருக்கும் ஒரு மூத்த அன்பர் தானே கணினியில் தட்டச்சு செய்வார் என்று காத்திருக்க வேண்டாம். இளையவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, இதைப் பதிவு பண்ணிக்கலாமா?" என்று கேட்டு போனில் பதிவு செய்யட்டும். சொன்னவர் பெயரைப் போடலாமா என்றும் கேளுங்கள். நாளைக் குறியுங்கள், முகவரி, போன் எண் வேண்டாம். பழைய நோட்டீஸ், ரசீது, விழா மலர் இருந்தால் அங்கேயே படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அப்புறம், பதிப்புரிமை. வள்ளலாரின் பாடல்களைத் தாராளமாகப் போடலாம். உரை அப்படியல்ல, உரையாசிரியர் மறைந்து 60 ஆண்டு ஆகவில்லை என்றால் அனுமதி வாங்க வேண்டும்.

5. நகல்

மாதம் ஒருமுறை எல்லாப் பக்கங்களையும் ஏற்றுமதி செய்து இரண்டு பேர் வீட்டில் வையுங்கள். படங்கள் அந்தக் கோப்பில் வராது. அவற்றைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும்.