ஊருணிச் சகதியிலிருந்து டி.என்.ஏ.: மாதிரியில் பழுப்பு நிறம் போகாமல் தவிப்பவர்களுக்கு

காரைக்குடிப் பக்கத்து ஊருணி ஒன்றின் நுண்ணுயிர்களை மரபணு வரிசைப்படுத்தலுக்கு (டி.என்.ஏ.வின் எழுத்துகளை வரிசையாகப் படிப்பதற்கு) அனுப்ப நான்கு முறை முயன்றேன். மூன்று முறை மாதிரி திரும்பி வந்தது. குழாய்க்குள் தெரிந்த தேநீர் நிறத்தை நான் பொருட்படுத்தாததுதான் காரணம்.

குடிநீர் ஊருணி என்றால் முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கால் நனைக்கக்கூட விடமாட்டார்கள். துணி துவைக்கும் படித்துறையை விட்டுத் தள்ளி, மூன்று இடங்களில் சகதியைச் சுத்தமான கரண்டியால் எடுத்து உடனே ஐஸ் பெட்டியில் வையுங்கள். வெயிலில் விட்டால் சில உயிர்கள் பெருகி, சில மடிந்து, ஊருணியின் கணக்கே மாறிவிடும். (பெட்டியைப் பார்த்த ஆச்சி ஒருவர், "தம்பி, மீன் எத்தனை கிலோ?" என்றார்.)

ஆய்வகத்தில் கால் கிராம் சகதியை நுண்மணிகளோடு போட்டுப் பலமாகக் குலுக்குங்கள். வேதிக்கரைசலை மட்டும் நம்பினால் தடித்த சுவர் கொண்ட பாக்டீரியாக்கள் உடையாமல் தங்கிவிடும். மண்ணிலிருந்து டி.என்.ஏ. பிரிக்கவென்றே விற்கும் கிட்டை வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் கைப்பக்குவத்தில் செய்து மூன்று மாதம் வீணாக்கியவன் சொல்கிறேன். கூடவே சகதியே போடாத வெற்றுக் குழாய் ஒன்றையும் கடைசிவரை கொண்டுபோங்கள். கிட்டுக்குள்ளேயே பாக்டீரியா டி.என்.ஏ. ஒட்டியிருப்பதுண்டு.

இனி என்னை வீழ்த்திய இடம். அந்தத் தேநீர் நிறத்துக்குக் காரணமான, மக்கிய இலைதழைகளிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம் டி.என்.ஏ.வோடு சேர்ந்தே வரும், டி.என்.ஏ.வைப் பல பிரதிகளாக்கும் பி.சி.ஆர். முறையின் நொதியை முடக்கும். ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து அளக்கும் நானோடிராப் கருவி அதையும் டி.என்.ஏ. என்றே எண்ணிக்கொள்ளும். எனக்கு அது மைக்ரோலிட்டருக்கு 180 நானோகிராம் என்று காட்டியது. டி.என்.ஏ.வோடு ஒட்டி ஒளிரும் சாயத்தால் அளக்கும் கியூபிட் கருவியில் வெறும் 22. 260, 280 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் அளவுகளின் விகிதம் (260/280) 1.8 வந்ததும், சுத்தமாகிவிட்டது என்று குதிக்காதீர்கள். 260/230 விகிதத்தைப் பாருங்கள்: 2க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், எனக்கு 0.6.

சந்தேகம் இருந்தால் ஒரு சின்னச் சோதனை. மாதிரியைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து, பாக்டீரியாக்களை அடையாளம் காண உதவும் 16எஸ் மரபணுவுக்குப் பி.சி.ஆர். ஓட்டுங்கள். நீர்க்காததில் ஒன்றும் தெரியாமல், நீர்த்ததில் சுமார் 1,500 எழுத்து நீளப் பட்டை தெரிந்தால், டி.என்.ஏ. இருக்கிறது, நொதியை முடக்கும் தடுப்பானும் இருக்கிறது என்று பொருள். தடுப்பானை நீக்கும் வடிகட்டியில் இன்னொரு முறை ஓட்டுங்கள். கொஞ்சம் டி.என்.ஏ. போகும், போகட்டும்.

எவ்வளவு தரவு கேட்பது? ஈ.கோலை மரபணுத்தொகுதி சுமார் 46 லட்சம் எழுத்து. ஒவ்வோர் எழுத்தையும் சராசரியாக முப்பது முறை வாசிக்க 14 கோடி எழுத்து போதும். நெல்லுக்கு ஏறக்குறைய 39 கோடி. அதே முப்பது மடங்குக்கு 1,170 கோடி. ஊருணியிலோ எத்தனை இனம் என்றே முன்கூட்டித் தெரியாது. அதனால் முதலில் 16எஸ் மட்டும் செய்து பாருங்கள்.

பின்சேர்க்கை: இதே கிட்டில் செம்பருத்தி இலையைப் போட்டு, சளிபோல வழவழவென்று வந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். அது இலையின் பிசின் சர்க்கரை. இந்தக் கிட் அதற்கு உதவாது. செடியை இரண்டு நாள் இருட்டில் வைத்துத் துளிர் இலையை மட்டும் பறித்து, உப்பு மிகுந்த சிடிஏபி (செல்லை உடைக்கும் ஒருவகைச் சோப்பு) கரைசலில் 65 டிகிரியில் ஊறவையுங்கள். பாலிபீனால் (துவர்ப்புப் பொருள்) மிகுந்த இலையாக இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி பொடியும் சேர்க்க வேண்டும்.