திருப்பிப் போட்ட 'ஆர்' ரஷ்யம் ஆகாது: ராக் ஆல்பம் அட்டையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டில் ரஷ்ய ராக் ஆல்பம் வெளியாகும்போது அட்டையில் முதலில் கெடுவது எழுத்துதான். ஆங்கில 'ஆர்', 'என்' இரண்டையும் இடவலமாகத் திருப்பிவிட்டால் ரஷ்யக் களை வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். திரும்பிய 'ஆர்' ரஷ்யத்தில் 'யா'. திரும்பிய 'என்' வெறும் 'இ'. 'சி' வடிவத்துக்கு 'ஸ்' ஒலி. ஆகவே நீங்கள் 'ராக்' என்று போட்டதை மாஸ்கோக்காரர் 'யாஓஸ்க்' என்று படித்துச் சிரிப்பார்.

மறுபக்கமும் இதே தொல்லை உண்டு. சோவியத் கால ராக் குழுவான கினோவின் பெயரை ரஷ்ய எழுத்தில் மட்டும் அச்சிட்டால், லண்டன் கடைக்காரர் கண்ணுக்கு அது 'கே', திரும்பிய 'என்', 'எச்', 'ஓ'. அந்த 'எச்' உண்மையில் 'ன்'. முகப்பில் ரஷ்ய எழுத்தே இருக்கட்டும், அழகுதான். ஆனால் உறையின் முதுகுப்பட்டையில் லத்தீன் எழுத்திலும் (ஆங்கிலத்தில் உள்ளது போல) பெயர் வேண்டும். அலமாரியில் வெளியே தெரிவது அது மட்டுமே. பட்டை எழுத்து ஓடும் திசையையும் கவனியுங்கள்: ரஷ்யப் புத்தக மரபில் கீழிருந்து மேலே, ஆங்கில நாடுகளில் மேலிருந்து கீழே.

லத்தீனில் எழுதினாலும் எந்த நாட்டு முறை என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். கினோவின் பாடகர் விக்டர் த்ஸோய் ஆங்கிலத்தில் 'டி'யில் தொடங்குவார், ஜெர்மனில் 'இசட்'டில். முகப்பு, முதுகு, இசைத்தட்டின் நடு லேபிள், இணையப் பட்டியல் நான்கிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும்.

அடுத்தது எழுத்துரு. தேர்ந்தெடுத்த எழுத்துருவில் ரஷ்ய எழுத்துகள் இல்லாவிட்டால், மென்பொருள் சத்தமில்லாமல் வேறொன்றிலிருந்து அவற்றை எடுத்துப் போடும். ஒரே சொல்லில் பாதி தடிப்பாக, பாதி மெலிந்து நிற்கும். இதைச் சமாளிக்க ரஷ்ய 'அ'வுக்குப் பதில் ஆங்கில 'ஏ'யைத் தட்டுவது இன்னும் மோசம். பார்வைக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு குறியீடு. இணையக் கடையில் அந்தப் பெயரைத் தேடினால் சிக்காது. சாய்வெழுத்தில் ரஷ்ய 'த்' சின்ன 'எம்' போலவே இருக்கும். அதைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். ரஷ்ய 'யே' எழுத்தின் மேல் வைக்கும் இரண்டு புள்ளிகளும் அலங்காரம் அல்ல. 'வ்ஸ்யே' என்றால் எல்லாரும். புள்ளி வைத்தால் 'வ்ஸ்யோ', எல்லாம்.

அரிவாள் சுத்தியல், கரடி, வெங்காய வடிவக் கோபுரம் போன்ற தேய்ந்த ரஷ்ய அடையாளங்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாஸ்கோ ராக் குழுவான கோர்க்கி பார்க் 1989இல் தன் முதலெழுத்துகளையே அரிவாள் சுத்தியலாக வளைத்தது அந்தக் குழுவின் சொந்தக் குறும்பு. லெனின்கிராட் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) ராக் கிளப்பில் வளர்ந்த குழுவின் தலையில் அதைக் கட்டுவது அபத்தம். லிதுவேனியாவில் 2008 முதல் சோவியத் சின்னங்களைப் பொதுவில் காட்டத் தடையும் உண்டு.

மறுவெளியீடுகளில் புகைப்படம்தான் பெரிய கண்ணி. அக்வேரியம் குழுவின் தொடக்க கால ஆல்பங்கள் ரீல் டேப்பில் பரவியவை. பெட்டிமேல் அசல் புகைப்படப் பிரதியை ஒட்டுவார்கள். சுமார் 18 செ.மீ. அகலப் படத்தை எல்.பி. இசைத்தட்டு உறையின் 31.5 செ.மீ.க்குப் பெரிதாக்கும்போது 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் 170 அளவுக்கு நீர்த்துவிடும், 600இல் எடுங்கள். பிற்கால அச்சு அட்டையை ஸ்கேன் செய்தால் மைப்புள்ளிகள் மோதி அலைக்கோடுகள் தெரியும். மென்பொருளால் அதை அழித்தால் முகங்கள் மெழுகாகிவிடும். நெகட்டிவ் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். புகைப்படக்காரரின் அனுமதியையும் அப்போதே எழுத்தில் வாங்கிவிடலாம்.