மங்கிலிருந்து மந்திரப் பொருள் செய்வது எப்படி

சனிக்கிழமை ராத்திரி, மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் அத்தை வீட்டு அஞ்சடியில், அதாவது முன்தாழ்வாரத்தில், ஐந்து பேர் உட்கார்ந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவோம், ஆளுக்கொரு கதாபாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையை நகர்த்துகிற ஆட்டம். ஆட்டத்தை நடத்துவது பெரும்பாலும் நான்தான். நெருப்பு வாள், பறக்கும் பூட்ஸ் எல்லாம் விதிப்புத்தகத்திலேயே கிடக்கிறது, அதற்கு என் உதவி வேண்டாம். இங்கே சொல்லப்போவது சில்லறைச் சாமான்களைப் பற்றி, அதாவது பெரிய பலம் எதுவும் இல்லாமல், கையில் இருந்தால் ஆட்டக்காரர்களுக்குக் குறும்பு வருகிற பொருள்களைப் பற்றி.

முதலில் மந்திரத்தை யோசிக்காதீர்கள், பொருளை எடுங்கள். அதுவும் ஏற்கெனவே கறாரான பழக்கம் உள்ள பொருளாக. என் பாட்டி ரப்பர் மரத்தில் பால்வெட்டியவர் என்பதால், மரத்தில் கட்டிப் பால் பிடிக்கிற கிண்ணமான மங்குதான் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது. விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். மழையில் பட்டை நனைந்தால் அன்றைக்கு வெட்டு இல்லை. நேரத்தோடு எடுக்காமல் விட்டால் மங்கிலேயே கட்டியாகிவிடும். பாருங்கள், மூன்று நிபந்தனை சும்மா கிடைத்துவிட்டது, நான் எதையும் கற்பனை செய்யவே இல்லை.

அப்புறம் ஒரே ஒரு சக்தி கொடுங்கள். தூங்குகிறவனின் கட்டில் காலில் இந்த மங்கை விடியுமுன் கட்டினால், அவன் மனதில் கிடப்பதில் இரண்டு வாக்கியம் சொட்டுச் சொட்டாக வடியும், காதில் வைத்துக் கேட்கலாம். அன்று ராத்திரி மழை பெய்திருந்தால் மங்கு காலி. உச்சிப்பொழுதுக்குள் கேட்காவிட்டால் கட்டிக்கொள்ளும், வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டி இடம் மாறிவிடும். இதற்கு நான் செய்வது, இரண்டு வாக்கியத்தையும் தாளில் எழுதி வார்த்தை வார்த்தையாக வெட்டிக் குலுக்கிக் கையில் கொடுத்துவிடுவேன். 'சாவி பூசாரியிடம் இருக்கிறது', 'மாட்டை நாளைக்கு விற்க வேண்டும்', இதுதான் நான் எழுதியது. எங்கள் ஆட்கள் அடுக்கிப் பார்த்து, 'மாட்டைப் பூசாரியிடம் விற்க வேண்டும், சாவி நாளைக்கு இருக்கிறது' என்று முடிவு கட்டி, ஒரு மாட்டை வாங்கி ஓட்டிக்கொண்டு பூசாரி வீட்டு வாசலில் போய் நின்றார்கள். அன்றைக்கு நான் தயார் செய்து வைத்திருந்த சண்டை எதுவும் நடக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

சக்தி சின்னதாக இருந்தால் உபயோகம் பெருகும். விதிப்புத்தகத்திலேயே நகராத தடி ஒன்று இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் அந்தரத்தில் அப்படியே நிற்கும், 8,000 பவுண்டு வரை, கிட்டத்தட்ட 3,600 கிலோ, தாங்கும். வேறு ஒன்றும் செய்யாது. ஆனால் அதைக் கதவுக்குத் தாழ்ப்பாளாக, ஏணிப்படியாக, துணி காயப்போட என்று எப்படியெல்லாமோ பயன்படுத்தியதைப் பார்த்துவிட்டேன்.

நான் சொதப்பியதையும் சொல்லிவிடுகிறேன். வற்றாத தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் டீ) குவளை என்று ஒன்று கொடுத்தேன், ஒரு மடக்குக்கு ஆறு முகப் பகடை ஒன்று உருட்டி அந்த அளவு காயம் ஆறும். நிபந்தனை எதுவும் வைக்கவில்லை. அடுத்த மூன்று வாரம் யாருக்கும் எதற்கும் பயமில்லை, அடிபட்டால் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு எழுந்து போனார்கள். கடைசியில் ஒரு குரங்கை விட்டுத் திருட வைத்தேன், இன்றுவரை அதற்குத் திட்டு வாங்குகிறேன்.

அதனால் நிபந்தனைக்குப் பதிலாகச் சில சமயம் பின்விளைவை வைக்கலாம். என் பெரட்டு மணியை எடுத்துக்கொள்ளுங்கள், தோட்டத்தில் வேலைக்கு முன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் எடுப்பதுதான் பெரட்டு. மணி என்றாலும் கையளவு தண்டவாளத் துண்டுதான். தட்டினால் 60 அடிக்குள் கேட்கிற எல்லாரும், நம் ஆட்களும் சேர்த்துத்தான், விவேகத்துக்கு இருபது முகப் பகடை உருட்டி 13-க்குக் குறையாமல் எடுக்க வேண்டும். தவறினால் ஒரு நிமிடம் வரிசையில் நின்று பேர் கொடுத்து, சொன்ன வேலையைச் செய்வார்கள். நிமிடம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு வெள்ளிக்காசு கூலி கேட்பார்கள். அத்தை மகன் குகைக்குள் தட்டினான், 11 காப்ளின்கள், அதாவது குட்டிப் பூதங்கள், வந்து நின்றன, கால்வாய் வெட்டச் சொன்னான், வெட்டின. கையில் இருந்தது நாலு காசு. சண்டைக்கு வரும் என்று நாங்கள் ஆயுதத்தை எடுத்தால், அவை மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டன, வேலை நிறுத்தம். அந்தப் பேச்சுவார்த்தையே இரண்டு வாரம் ஓடியது.

கணக்கு ரொம்ப வேண்டாம். பொருளை மூன்று தடவை பயன்படுத்தலாம், விடிந்ததும் ஆறு முகப் பகடையை உருட்டிப் பாதியாக்கி, செலவழித்ததில் அத்தனை தடவை திரும்ப வரும், அவ்வளவு போதும். கடைசித் தடவையையும் செலவழித்தால் இருபது முகப் பகடை, 1 விழுந்தால் கெட்டுப்போகும், 100-க்கு 5 தான் வாய்ப்பு. ஆனால் பொடிப்பொடியாகி மறைந்துவிட்டது என்று சொல்லாதீர்கள், சப்பென்று போய்விடும். மணியில் விரிசல் விட்டு, அதற்கப்புறம் கோழிகள் மட்டும் வரிசைக்கு வரட்டுமே.

சில மந்திரப் பொருள் முழுசாக வேலை செய்ய முதலில் அதோடு மந்திரப் பிணைப்பு வைக்க வேண்டும், ஒரு கதாபாத்திரம் மூன்று பொருளோடுதான் அப்படி வைக்கலாம் என்று விதி இருக்கிறது. சில்லறைச் சாமானுக்கு அந்தப் பிணைப்பே கேட்காதீர்கள், கேட்டால் நெருப்பு வாளை விட்டுவிட்டு யார் மங்கைத் தூக்குவார்கள்?

காவல் தெய்வத்துச் சுருட்டை வைத்து ஒன்று செய்யலாமே என்று ஒரு பையன் கேட்டான். அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார், பேச்சு அங்கேயே நின்றது. உங்கள் வீட்டிலும் யாராவது எட்டிப் பார்ப்பார்கள் என்றால் அந்த வகைச் சாமானைத் தொடாதீர்கள்.

செய்து முடித்ததும் ஒரு சின்ன அட்டையில் நாலு வரி எழுதிக் கையில் கொடுங்கள்: பெயர், பார்க்க எப்படி, என்ன செய்யும், எப்போது முரண்டு பிடிக்கும். விலை மட்டும் எழுத வேண்டாம். எழுதினால் அடுத்த ஊர்ச் சந்தையிலேயே விற்றுவிடுவார்கள்.