ஏட்டுச் சுரைக்காயாகும் நோடுகள்: ஸ்லர்ம் அமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திங்கட்கிழமை காலையில் ஓர் ஆய்வு மாணவி என் மேசைக்கு வந்தார். எங்கள் துறைக் கணினிகளுக்கு வேலைகளைப் பங்கிடும் மென்பொருளான ஸ்லர்மிடம் அவர் கொடுத்து, வார இறுதிக்குள் முடிந்திருக்க வேண்டிய 40 வேலைகளும் வெள்ளிக்கிழமை எந்த இடத்தில் நின்றனவோ அதே இடத்தில் வரிசையில் நின்றன. அவருக்காகவே நான் வெள்ளிக்கிழமை மாலை சேர்த்துவிட்டுப் போன 4 புதிய கணினிகளும் மின்சாரத்தைத் தின்றுகொண்டு சும்மா ஓடிக்கொண்டிருந்தன. கணினிகளின் நிலையைக் காட்டும் சின்ஃபோ கட்டளையைப் பெரிய ஆர் எழுத்துடன் ஓட்டியபோது காரணம் ஒரே வரியில் வந்தது: 'லோ ரியல்மெமரி', அதாவது நினைவகம் குறைவு.

ஒவ்வொரு கணினியிலும் 128 ஜிபி நினைவகம். நான் 128ஐ 1,024ஆல் பெருக்கி, ஸ்லர்மின் அமைப்புக் கோப்பில் ரியல்மெமரி என்ற இடத்தில் 1,31,072 எம்பி என்று எழுதியிருந்தேன். இயக்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னல் தனக்கென ஒதுக்கியது போக, அந்தக் கணினிகள் கண்டது 1,28,600 சொச்சம்தான். சொன்னதைவிடக் குறைவாக வைத்திருக்கும் நோடை, அதாவது தன் கீழ் வேலை செய்யும் கணினியை, ஸ்லர்ம் நம்பாது. அதை 'டிரெயின்' நிலையில் ஓரமாக நிறுத்திவிடும்; புதிய வேலை எதையும் அதற்குக் கொடுக்காது. ஒரு சிறிய கோப்பில் இருந்த ஒரே எண்ணால் மூன்று நாள் கணக்கு வீணானது.

அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் 2000-களின் தொடக்கத்தில் உருவான ஸ்லர்ம் இன்று உலகின் மிகப்பெரிய கணினிகள் பலவற்றில் வேலைகளைப் பங்கிடுகிறது. கல்லூரித் துறை ஒன்றின் பத்துக் கணினிகளுக்கும் அதுவே போதும். அது தரும் தொல்லைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் பிறக்கின்றன: கோப்பில் நாம் எழுதிவைத்த கணினியும் அலமாரியில் இருக்கும் கணினியும் வேறுவேறாக இருப்பது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை இந்த வேலையில் வாரம் ஒருமுறையாவது நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே, நோடின் அளவுகளை மனக்கணக்காக எழுதாதீர்கள். நோடில் ஓடும் ஸ்லர்மின் நிரலான ஸ்லர்ம்டியை அந்தக் கணினியிலேயே பெரிய சி எழுத்துடன் ஓட்டினால் சாக்கெட் (செயலி பொருந்தும் இடம்) எத்தனை, கோர் (செயலிக்குள் இருக்கும் கணக்கிடும் அலகு) எத்தனை, நினைவகம் எவ்வளவு என்று அதுவே ஒரு வரியாக அச்சிட்டுக் கொடுக்கும். அந்த வரியை எடுத்துக்கொண்டு, நினைவகத்தை மட்டும் சற்றுக் குறைத்து எழுத வேண்டும். மேலே சொன்ன கணினிகளுக்கு இப்போது 1,24,000 என்று வைத்திருக்கிறேன். மிச்சம் இயக்குதளத்துக்கு. அதற்கும் மூச்சுவிட இடம் வேண்டும். ரியல்மெமரியை எழுதாமலே விடுவது இதைவிட மோசம். அப்போது அதன் மதிப்பு 1 எம்பி என்று ஸ்லர்ம் எடுத்துக்கொள்ளும். 2 ஜிபி கேட்கும் எளிய வேலையைக்கூட அந்த நோடுக்கு அனுப்பாது.

கோர் கணக்கிலும் இதே கதைதான், ஆனால் இங்கே ஸ்லர்ம் நோடை நிறுத்தாது. 2 சாக்கெட், சாக்கெட்டுக்கு 16 கோர், கோருக்கு 2 திரெட் (ஒரே கோரில் சேர்ந்து ஓடும் இழை) உள்ள கணினியை எடுத்துக்கொள்வோம். இயக்குதளம் 64 என்று காட்டும். பலர் சிபியு 64 என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஸ்லர்ம் அதை 64 தனித்தனிக் கோர்கள் என்று புரிந்துகொள்ளும். பிறகு ஒரே கோரின் இரண்டு திரெட்டுகளில் இரண்டு பேருடைய வேலைகள் போய் அமரும். கணிதப் பகுதி ஒன்றுதான்; இருவரும் அதற்காகப் போட்டியிடுவார்கள், இருவருடைய கணக்கும் மெதுவாகும். ஏன் மெதுவாகிறது என்று யாருக்கும் தெரியாது. சாக்கெட், கோர், திரெட் மூன்றையும் தனித்தனியாக எழுதினால், கோர் அளவில் பங்கிடும்போது ஒரு கோர் முழுவதும் ஒருவருக்கே போகும்.

நினைவகத்தைப் பங்கிடும் பொருளாக அறிவித்துவிட்டு, கோருக்கு இவ்வளவு என்ற இயல்பு மதிப்பைக் கொடுக்க மறப்பது அடுத்தது. நினைவகம் எவ்வளவு வேண்டும் என்று சொல்லாத வேலைக்கு அந்த நோடின் முழு நினைவகமும் போய்விடும். ஒரே ஒரு கோர் கேட்ட வேலை 32 கோர் கணினியைத் தனியாக ஆண்டுகொண்டிருக்கும். மற்றவர்கள் வெளியே காத்திருப்பார்கள். டெஃப்மெம்பெர்சிபியு என்ற ஒரு வரி இதைத் தீர்க்கிறது. பயனர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சொல்லிக்கொடுக்க வேண்டும்தான். ஆனால் முதல் நாள் வந்த மாணவரின் மறதிக்குத் துறை முழுவதும் காத்திருக்கக் கூடாது.

பங்கிட்டுக் கொடுப்பது வேறு, கொடுத்த எல்லைக்குள் நிறுத்துவது வேறு. இந்த வேறுபாடு தெரியாமல்தான் நான் முதல் ஒரு வருடம் ஓட்டினேன். 4 கோர் கேட்ட பைத்தான் நிரல் ஒன்று, கணினியில் எத்தனை கோர் இருக்கிறது என்று தானே எண்ணிப் பார்த்து 64 செயல்களைத் திறந்துவிட்டது. ஸ்லர்மின் ஏட்டில் அது 4 கோர் வேலை. உண்மையில் பக்கத்தில் ஓடிய எல்லோருடைய கோரிலும் அது ஏறி உட்கார்ந்திருந்தது. செயல்களை எல்லைக்குள் அடைக்கும் லினக்ஸ் வசதி சிகுரூப். அதன் அமைப்புக் கோப்பில் கன்ஸ்ட்ரெய்ன்கோர்ஸ் (கோர்), கன்ஸ்ட்ரெய்ன்ராம்ஸ்பேஸ் (நினைவகம்), கன்ஸ்ட்ரெய்ன்டிவைசஸ் (கருவிகள்) ஆகிய மூன்றையும் 'ஆம்' என்று எழுதினால்தான் வேலி உண்டாகும்; எழுதாவிட்டால் மூன்றும் 'இல்லை' என்றே இருக்கும். ஸ்லர்மின் முதன்மைக் கோப்பில் டாஸ்க்பிளகின் வரியில் சிகுரூப்பைச் சேர்ப்பதையும் மறக்கக் கூடாது. மூன்றாவது வரி ஜிபியு எனும் வரைகலைச் செயலி உள்ள இடங்களில் மிக முக்கியம். அது இல்லாவிட்டால், 1 ஜிபியு கேட்டவர் ஒரு சூழல் மாறியை மாற்றி எழுதிப் பக்கத்து ஜிபியுவையும் எடுத்துக்கொள்ளலாம்.

ஜிபியுவைப் பற்றி இன்னும் ஒன்று. கெர்னல் புதுப்பிக்கப்பட்டு, அதற்குரிய என்விடியா இயக்கி ஏறாமல் போனால், 4 ஜிபியு என்று எழுதப்பட்ட நோடு 0 என்று வந்து சொல்லும். ஸ்லர்ம் அதை ஓரமாக நிறுத்தும். இங்கே திருத்த வேண்டியது இயக்கியை. அவசரத்தில் அமைப்புக் கோப்பிலுள்ள எண்ணைக் குறைத்து நோடை எழுப்பிவிட்டு, பிறகு அதை மறந்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கணினிகளுக்கு இடையிலான நம்பிக்கையைக் காப்பது மஞ்ச் என்ற சிறிய சேவை. எல்லா நோடுகளிலும் ஒரே சாவிக் கோப்பு இருக்க வேண்டும் என்பதை எல்லோரும் படித்துவிடுகிறார்கள். கடிகாரத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள். மஞ்ச் தரும் சான்று இயல்பாக 5 நிமிடம்தான் செல்லும். தாய்ப்பலகையின் பேட்டரி தீர்ந்துபோன பழைய கணினி ஒன்று, மின்வெட்டுக்குப் பிறகு எழும்போது ஏதோ ஒரு பழைய தேதியில் கண்விழிக்கும். அதன் பேச்சை எவரும் ஏற்கமாட்டார்கள். பதிவேட்டில் 'எக்ஸ்பயர்ட் கிரெடென்ஷியல்' அல்லது 'ரீவவுண்ட் கிரெடென்ஷியல்' என்று கண்டால் சாவியை மாற்றாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். கடிகாரங்களை ஒத்திசைக்கும் குரோனி சேவை எல்லா நோடுகளிலும் ஓட வேண்டும். பயனர் எண்களும் அப்படியே. ஸ்லர்ம் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது. வேலைகளைப் பங்கிடும் முதன்மைக் கணினியில் 1005 என்ற எண் ஒருவருக்கும், நோடில் அதே எண் இன்னொருவருக்கும் இருந்தால், ஒருவர் எழுதிய கோப்பு மற்றவருக்குச் சொந்தமாகிவிடும்.

பெயர்க் குழப்பம் உபுண்டு, டெபியன் கணினிகளில் அதிகம். பெயர்களுக்கு முகவரி சொல்லும் அவற்றின் ஹோஸ்ட்ஸ் கோப்பில், கணினியின் சொந்தப் பெயருக்கு எதிரே 127.0.1.1 என்ற, தன்னையே குறிக்கும் முகவரி இருக்கும். முதன்மைக் கணினியிலிருந்து அந்தக் கோப்பை அப்படியே எல்லா நோடுகளுக்கும் நகலெடுத்தால், ஒவ்வொரு நோடும் முதன்மைக் கணினியைத் தனக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும்.

தீயரணில் (ஃபயர்வால்) 6817, 6818 ஆகிய இரண்டு வலையமைப்பு வாயில்களைத் திறந்துவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணக் கூடாது. நோடுகள் முதன்மைக் கணினியுடன் மட்டும் பேசுவதில்லை; செய்தியைத் தங்களுக்குள் கைமாற்றிக் கொடுத்துக்கொள்கின்றன. நோடுக்கும் நோடுக்கும் இடையே தடை இருந்தால், நன்றாக இருக்கும் கணினிகள் அடிக்கடி 'பதில் இல்லை' என்று விழுந்து எழும். வேலையை வரிசையில் விட்டுச் செல்லும் எஸ்பேட்ச் கட்டளை வேலை செய்கிறது, வேலையை நேரடியாக ஓட்டும் எஸ்ரன் மட்டும் தொங்குகிறது என்றால் அதுவும் பெரும்பாலும் தீயரண்தான். எஸ்ரன் தானாகத் தேர்ந்தெடுக்கும் வாயில்களை எஸ்ரன்போர்ட்ரேஞ்ச் என்ற அமைப்பால் ஓர் எல்லைக்குள் அடைத்து, அந்த எல்லையைத் திறந்துவிடலாம்.

செய்தியைக் கைமாற்றுவதால்தான் அமைப்புக் கோப்பு எல்லா நோடுகளிலும் ஒன்றாக இருக்க வேண்டியிருக்கிறது. கையால் நகலெடுத்தால் என்றாவது ஒன்று விடுபடும். 20.02 பதிப்பிலிருந்து, நோடுகள் முதன்மைக் கணினியிடமிருந்தே கோப்பைப் பெறும் வசதி இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் தயங்காமல் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை தவறுகளிலும் என்னை அதிகம் வருத்தியது, ஒரு நோடு தானாக எழுந்து வந்து வேலைகளை விழுங்கியதுதான். ரிட்டர்ன்டுசர்வீஸ் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 0. விழுந்த நோடு, நிர்வாகி சொல்லும் வரை திரும்பாது. மின்வெட்டுக்குப் பிறகு ஒவ்வொன்றாக எழுப்பிச் சலித்துப்போய், அதை நான் 2 என்று மாற்றினேன். 2 என்றால், முறையாகப் பதிவு செய்துகொள்ளும் எந்த நோடும் உடனே வேலைக்கு வந்துவிடலாம். ஓர் இரவு மறுதொடக்கமான ஒரு நோடில், பொதுவான கோப்புகளை வைத்திருக்கும் என்எஃப்எஸ் அடைவு மட்டும் ஏறவில்லை. நினைவகம் சரி, கோர் சரி. எனவே ஸ்லர்ம் வேலையைக் கொடுத்தது. வேலை தன் அடைவைத் தேடியது, காணவில்லை, ஒரு விநாடியில் தோற்றது. நோடு காலியானது. அடுத்த வேலை வந்தது. 300 வேலைகள் கொண்ட ஒரு தொகுதி, மற்ற நோடுகள் நிறைந்திருக்க, இந்த ஒரு வாய்க்குள் சில நிமிடங்களில் போய்விட்டது. காலையில் அந்தத் தொகுதியை அனுப்பிய மாணவருக்குக் கிடைத்தவை 300 தோல்விகள்.

இதற்கு இரண்டு காவல்கள் வேண்டும். ஒன்று, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியில் ஸ்லர்ம்டி சேவைக்கு ரெக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார் என்ற வரியைச் சேர்த்து, அந்த அடைவு ஏறிய பிறகே சேவை தொடங்கும்படி செய்வது. மற்றொன்று, ஹெல்த்செக்புரோகிராம் என்ற இடத்தில் ஒரு சோதனை நிரலைக் கொடுப்பது. அடைவு இருக்கிறதா, வட்டில் இடம் இருக்கிறதா, ஜிபியு பேசுகிறதா என்று பார்த்து, குறை கண்டால் நோடைத் தானே ஓரமாக நிறுத்தும் பத்துப் பதினைந்து வரி ஷெல் நிரல் போதும். நிரலைக் கொடுத்துவிட்டு, எத்தனை விநாடிக்கு ஒருமுறை ஓட வேண்டும் என்ற ஹெல்த்செக்இன்டர்வல் மதிப்பை விட்டுவிட்டால் அது 0 என்றே இருக்கும். சோதனை ஓடவே ஓடாது. இவை இரண்டும் இல்லாதவர்கள் ரிட்டர்ன்டுசர்வீஸை 2 ஆக்க வேண்டாம். 1 போதும். தொடர்பு மட்டும் அறுந்து மீண்ட நோடு தானாகத் திரும்பும். எதிர்பாராமல் மறுதொடக்கமானது நம் கண்பட்ட பிறகே திரும்பும்.

டிரெயின் ஆன நோடைக் காரணத்தைப் படிக்காமல் 'ரெஸ்யூம்' கொடுத்து எழுப்புவதும் இதே வகைதான். 'கில் டாஸ்க் ஃபெயில்ட்' என்று இருந்தால், கொல்ல முடியாத ஒரு செயல் இன்னும் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் தொங்கிப்போன என்எஃப்எஸ். எழுப்பினால் அடுத்தவர் வேலையும் அங்கேதான் போய் மாட்டும்.

இப்போதெல்லாம் புதிய நோடைச் சேர்த்ததும் ரூட்டாக (நிர்வாகியாக) இல்லாமல் சாதாரணப் பயனராக நுழைந்து ஒரு வேலையை அந்த நோடுக்கே அனுப்புகிறேன். 2 கோர், 4 ஜிபி என்று கேட்டுவிட்டு, உள்ளே வேண்டுமென்றே 6 ஜிபி எடுக்கும் சிறு நிரல் அது. அது கொல்லப்பட வேண்டும். கொல்லப்படாமல் மெதுவாக ஊர்ந்தால், நினைவக வேலி இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். இருந்தால் அது நினைவகத்துக்குத் துணையாக வட்டில் ஒதுக்கிய ஸ்வாப்புக்குள் வழிந்துவிட்டது என்று பொருள், கன்ஸ்ட்ரெய்ன்ஸ்வாப்ஸ்பேஸ் வரியைச் சேர்க்கிறேன். மீண்டும் அனுப்புகிறேன். 'அவுட் ஆஃப் மெமரி' என்று அது விழுந்த பிறகே, வரிசையில் நிற்கிறவர்களுக்கு அந்த நோடைத் திறந்துவிடுகிறேன்.