ஓய்வு பெறுவோரின் கணக்கிலிருந்து வேலைவாய்ப்பைக் கணிப்பது எப்படி?

அரசுத் தேர்வுக்கோ செவிலியர் படிப்புக்கோ தொழிற்பயிற்சி நிலையத்துக்கோ விண்ணப்பிக்கும் முன், இன்று அந்த வேலையைச் செய்துகொண்டிருப்பவர்களின் வயது என்ன என்று பெரும்பாலோர் விசாரிப்பதில்லை. அறிவிப்பு வந்தால் வேலை இருக்கிறது, வராவிட்டால் இல்லை என்று எண்ணிப் பல இளைஞர்கள் தங்கள் இருபதுகளைக் காத்திருப்பிலேயே கழித்துவிடுகிறார்கள். ஆனால் நிலைபெற்ற துறைகளில் ஒரு காலிப் பணியிடம் 30, 35 ஆண்டுகளுக்கு முன்பே ஏறக்குறைய தீர்மானமாகிவிடுகிறது. அன்று கூட்டமாகச் சேர்ந்தவர்கள் கூட்டமாகவே ஓய்வு பெறுகிறார்கள். இந்தக் கணக்கைத் தேர்வு எழுதுபவரும் அவர் வீட்டாரும் தாங்களே போட்டுப் பார்க்க முடியும்.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கு அவசரமானதாகவும் ஆகிவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் 60 வயதை எட்டியவர்கள் 10.4 விழுக்காடு. 2021இல் அது 13.6 விழுக்காடாகவும் 2031இல் 18.2 விழுக்காடாகவும் இருக்கும் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. மறுபுறம், ஒரு தலைமுறை தன்னைத்தானே ஈடுசெய்துகொள்ள ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் தேவை என்னும் நிலையில், 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டின் விகிதத்தை 1.4 என்று காட்டுகிறது. முதியோர் பெருகுவதும் குழந்தைகள் குறைவதும் ஒரே சமயத்தில் நடப்பதால், சில வேலைகள் சுருங்கும். சில வேலைகள் விரியும்.

ஆட்சேர்ப்பு வரலாற்றிலிருந்து தொடங்குங்கள்

காலியிடம் இரண்டு வழிகளில் உண்டாகிறது: தொழில் வளர்ந்து புதுப் பணியிடம் உருவாகலாம், அல்லது இருப்பவர் ஓய்வு பெற்றோ விலகியோ தம் இடத்தை விட்டுச் செல்லலாம். பழைய துறைகளில் இரண்டாவது வழிதான் பெரிது. ஆகவே, நீங்கள் நோக்கும் நிறுவனம் எந்த ஆண்டுகளில் மொத்தமாக ஆள் எடுத்தது, எந்த ஆண்டுகளில் எடுக்காமல் நிறுத்தி வைத்தது என்பதை முதலில் அறிய வேண்டும்.

இதற்குப் பொதுத்துறை வங்கிகளைவிடத் தெளிவான சான்று வேறில்லை. 1969இல் 14 வங்கிகளும் 1980இல் மேலும் 6 வங்கிகளும் நாட்டுடைமையாயின. கிளைகள் கிராமங்கள் வரை பரவிய அந்தக் காலத்தில் எழுத்தர்களும் அதிகாரிகளும் பெருந்தொகையாகச் சேர்க்கப்பட்டார்கள். 1990களில் ஆட்சேர்ப்பு மிகவும் குறைந்தது. 2000-01இல் விருப்ப ஓய்வுத் திட்டத்தின் வழியாகச் சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். 1975இல் 25 வயதில் சேர்ந்தவர் 2010இலும், 1982இல் 22 வயதில் சேர்ந்தவர் 2020இலும் 60 வயதை எட்டுகிறார் என்று கூட்டிப் பார்த்தாலே, அந்தப் பத்தாண்டு முழுவதும் வங்கிகளில் ஓய்வுகள் குவியப் போகின்றன என்பது முன்கூட்டியே விளங்கியிருக்கும். பல வங்கிகளுக்கும் சேர்த்து ஆள் எடுக்கும் ஐபிபிஎஸ் பொதுத் தேர்வு 2011இல் தொடங்கியதிலிருந்து பல்லாயிரம் இளைஞர்கள் ஆண்டுதோறும் வங்கிப் பணியில் நுழைந்ததற்கும், அவர்களில் பலர் சில ஆண்டுகளிலேயே கிளை மேலாளர் நாற்காலியில் அமர்ந்ததற்கும், நடுவயதுப் பணியாளர்கள் இல்லாத அந்த இடைவெளி ஒரு பெரிய காரணம்.

அதே வங்கிகள் இன்னொரு பாடத்தையும் தருகின்றன. ஓய்வு பெற்ற ஒவ்வொரு எழுத்தருக்கும் ஒரு புது எழுத்தர் வரவில்லை. கணினிமயமும் ஏடிஎம்மும் கைப்பேசிப் பணப்பரிமாற்றமும் முகப்பு வேலையைக் குறைத்துவிட்டதால், பணியாளர்களில் அதிகாரிகளின் பங்கு உயர்ந்தது, எழுத்தர்களின் பங்கும் கடைநிலைப் பணியாளர்களின் பங்கும் இறங்கின. ஆகவே, எத்தனை பேர் போகிறார்கள் என்பதோடு, போகிறவர் செய்த வேலை இன்னும் மிச்சம் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

ஓய்வு வயதைக் கூட்டும்போது கவனம் தேவை

பிறந்த ஆண்டோடு ஓய்வு வயதைக் கூட்டுவது எளிது. அந்த ஓய்வு வயது மாறாமல் இருக்கும் என்று நம்புவதில்தான் பலர் ஏமாந்தார்கள். தமிழ்நாடு அரசு 2020 மே மாதம் ஓய்வு வயதை 58இலிருந்து 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்த்தியது. அரசு ஊழியர்களோடு அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கும் இது பொருந்தியது. 1962 ஜூன் மாதம் பிறந்த ஒருவர் 2020 ஜூன் மாதம் ஓய்வு பெற்றிருக்க வேண்டியவர். அவர் 2022 ஜூன் வரை பணியில் தொடர்ந்தார். அவரைப் போன்ற எல்லோரும் அப்படியே தொடர்ந்ததால், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு வயது முதிர்வு ஓய்வால் வரும் காலியிடங்கள் வறண்டன. அவர்களுக்குக் கீழே இருந்தவர்களின் பதவி உயர்வும் தள்ளிப்போனது. கொரோனாக் காலத்தில் தேர்வுகளும் தடைப்பட்டதால், 2021இல் நேரடி நியமனத்துக்கான உச்ச வயது வரம்பை அரசு இரண்டு ஆண்டுகள் உயர்த்தியது. காத்திருந்தவர்களுக்கு அது ஓரளவு ஈடுதான், முழு ஈடு என்று சொல்ல முடியாது.

ஒரு துறையைக் கணக்கிடும்போது அதற்கு இன்று நடப்பிலுள்ள ஓய்வு வயதை உறுதிசெய்துகொண்டு, அது மேலும் இரண்டு ஆண்டு உயர்ந்தால் உங்கள் வயது வரம்பு என்னவாகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உங்களுக்கு 29 வயது ஆகியிருந்து, உங்கள் பிரிவுக்கான உச்ச வரம்பு 32 என்றால், அந்த ஒரே தேர்வை மட்டும் நம்பியிருப்பது ஆபத்தானது. ஓய்வு எந்த மாதத்தில் விழுகிறது என்பதும் முக்கியம். ஆசிரியர்கள் ஆண்டின் நடுவில் ஓய்வு வயதை எட்டினாலும் கல்வியாண்டு முடியும்வரை தொடர அனுமதி பெறுவது வழக்கம் என்பதால், பள்ளிக் காலியிடங்கள் மே மாத இறுதியில் ஒன்றாகத் திரள்கின்றன.

பணியிடம் நிரப்பப்படுமா என்பதை ஆவணத்தில் தேடுங்கள்

மேலே ஒருவர் ஓய்வு பெற்றால் கீழே உங்களுக்கு இடம் கிடைப்பது ஒரு சங்கிலி வழியாக நடக்கிறது. வருவாய்த் துறையில் ஒரு வட்டாட்சியர் ஓய்வு பெற்றால் துணை வட்டாட்சியர் ஒருவர் மேலேறுகிறார். அவர் விட்ட இடத்துக்குக் கீழிருந்து இன்னொருவர் வருகிறார். கடைசியில் இளநிலை உதவியாளர் நிலையில் ஓர் இடம் காலியாகிறது. இந்தச் சங்கிலியில் பதவி உயர்வு வழக்கு ஒன்று நீதிமன்றத்தில் நின்றுவிட்டால், ஓய்வுகள் நடந்துகொண்டே இருந்தாலும் நுழைவுநிலைக்கு இடம் இறங்காது. காலியான இடங்களில் ஒரு பகுதி கருணை அடிப்படையிலான நியமனத்துக்குப் போகும். சில இடங்கள் தொகுப்பூதியத்துக்கும் வெளிமுகமைக்கும் போகும். ஓய்வு பெற்றவரையே ஒப்பந்தத்தில் திரும்ப அழைப்பதும் உண்டு. இரண்டு பணியிடங்கள் ஒன்றாவதும் நடக்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 2025இல் 3,274 பணியிடங்களுக்கு விண்ணப்பம் கோரியபோது, அவை ஓட்டுநர் என்றும் நடத்துநர் என்றும் தனித்தனியாக இல்லாமல் ‘ஓட்டுநருடன் நடத்துநர்’ என்ற ஒரே பணியாக இருந்தன. நடத்துநர் உரிமம் மட்டும் வைத்திருந்தவருக்கு அதில் இடமில்லை.

இவற்றை அறிய வதந்தியும் பயிற்சி மையங்களின் விளம்பரமும் போதா. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு அரசு இணையதளத்திலேயே கிடைக்கிறது. துறையின் அமைப்பு, திட்டங்கள், பல துறைகளில் பணியாளர் எண்ணிக்கை ஆகியவற்றை அதில் காணலாம். மூன்று ஆண்டுக் குறிப்புகளை அருகருகே வைத்துப் படித்தால் துறை வளர்கிறதா, சுருங்குகிறதா என்று தெரிந்துவிடும். அதற்கும் மேலே விவரம் வேண்டுமானால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவின் கீழ், 10 ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்தத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு அனுப்பலாம். விடைக்கு 30 நாள் கெடு. கேள்வியை எழுதும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள்: ‘எப்போது ஆள் எடுப்பீர்கள்?’ என்று கேட்டால் பயன் இல்லை. தம்மிடம் உள்ள பதிவைத் தருவதுதான் தகவல் அலுவலரின் கடமை. புதிதாகக் கணித்துச் சொல்வது அவர் கடமை ஆகாது. எனவே, அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள், பணியில் உள்ளோர், காலியிடங்கள் ஆகியவற்றின் பதவிவாரி எண்ணிக்கையையும், வரும் ஆண்டுகளில் ஓய்வு பெற உள்ளோர் பட்டியலின் நகலையும், பெயர்கள் தேவையில்லை என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

அந்த வேலை யாருக்காக நடக்கிறது?

தொடக்க வகுப்புகளுக்குக் கற்பிக்கும் இடைநிலை ஆசிரியருக்கான பயிற்சியை எண்ணிப் பாருங்கள். ஓய்வு பெறும் ஆசிரியர்கள் பலர் இருந்தாலும், வகுப்பில் அமரக் குழந்தைகள் வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூவர். ஒரு பள்ளியின் சேர்க்கை 65இலிருந்து 58க்கு இறங்கினால் ஓர் ஆசிரியர் உபரியாகிறார். அவர் பணி நிரவல் கலந்தாய்வில் வேறு பள்ளிக்கு மாற்றப்படுகிறார். அங்கே ஓய்வினால் ஏற்பட்ட காலியிடம் இப்படி அடைபடும்போது புதியவருக்கான வாசல் மூடுகிறது. 2020இல் பிறந்த குழந்தை 2025இல் ஒன்றாம் வகுப்பிலும் 2035இல் பதினொன்றாம் வகுப்பிலும் சேரும் என்பதால், பிறப்புப் பதிவு எண்ணிக்கையே தொடக்கப் பள்ளித் தேவையை ஐந்து ஆண்டு முன்னதாகவும், மேல்நிலைப் பள்ளித் தேவையைப் பதினைந்து ஆண்டு முன்னதாகவும் சொல்லிவிடுகிறது. ஆசிரியப் பணியை உண்மையாக விரும்புகிறவர்களை நான் தடுக்கவில்லை. விருப்பம் உள்ளவர்கள், குழந்தைகள் குறைந்துவரும் மாவட்டம் எது, வேலை தேடி வந்த குடும்பங்களால் சேர்க்கை கூடும் நகரப்பகுதி எது என்று பார்த்து, பாடத்தையும் நிலையையும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

முதியோர் பராமரிப்பு இதற்கு நேர் எதிர்த் திசையில் செல்கிறது. 2021 ஆகஸ்ட் மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இரத்த அழுத்தம், நீரிழிவு மருந்துகளோடு இயன்முறை சிகிச்சையையும் நோய்த்தணிப்புச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுசென்றது. 2024இல் சென்னை கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. கோயம்புத்தூரைச் சுற்றி ஓய்வுக்காலக் குடியிருப்புகள் எழுந்துகொண்டே இருக்கின்றன. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் பகல்நேரத் துணைக்கு ஆள் தேடாத தெரு குறைவு. செவிலியர், இயன்முறை மருத்துவர், டயாலிசிஸ் நுட்பநர், கண் பரிசோதகர், செவித்திறன் வல்லுநர் என்று பல வேலைகளுக்கு இங்கே இடம் கூடும்.

ஆனாலும் தேவை கூடுகிறது என்பதால் ஊதியமும் தானாகக் கூடிவிடாது. வீட்டுப் பராமரிப்பில் இடைத்தரகு முகமைகள் பெறும் தொகைக்கும் இரவெல்லாம் கண்விழிக்கும் பெண்ணின் கைக்கு வரும் தொகைக்கும் உள்ள வேறுபாடு வேதனை தருகிறது. அரசுத் திட்டத்தில் வீடு வீடாகச் செல்லும் பெண் தன்னார்வலர்களுக்கும் கிடைப்பது ஊக்கத்தொகைதான். காலமுறை ஊதியம் இல்லை. ஆகையால், சில வாரச் சான்றிதழோடு நின்றுவிடாமல், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு பெறத் தகுதி தரும் படிப்பைத் தேர்ந்தெடுங்கள். வீட்டு வேலைக்குப் போக நேர்ந்தால் நேரம், விடுப்பு, ஊதியம் மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தொழிற்கூடங்களிலும் வெளிநாட்டிலும்

கோவையின் பம்பு, வார்ப்படத் தொழிற்கூடங்களில் கடைசல், அச்சு வார்ப்பு, கருவி செய்தல் ஆகியவற்றில் தேர்ந்தவர்கள் பலர் ஐம்பதைக் கடந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். உதவியாளர் இடங்களை வடமாநிலத் தொழிலாளர்கள் நிரப்புகிறார்கள். அந்த மூத்தவர்கள் ஓய்வு பெறும் முன் அவர்களருகே இரண்டு மூன்று ஆண்டு நின்று கற்பவருக்கு, அவர்கள் போனபின் பேரம் பேசும் பலம் இருக்கும். நேர்முகத்தில், அந்தப் பிரிவில் இருப்பவர்களின் வயது என்ன, அடுத்த ஐந்து ஆண்டில் யார் யார் விடுபடுகிறார்கள், அவர்களிடம் கற்க ஏற்பாடு உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். பொறுப்பான முதலாளி இந்தக் கேள்வியை வரவேற்பார்.

வெளிநாட்டைப் பொறுத்தவரை ஜெர்மனியும் ஜப்பானும் முதன்மையானவை. ஜெர்மனியில் 1964இல் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தார்கள்; அந்நாட்டின் மிகப் பெரிய அந்தத் தலைமுறை 2031இல் 67 வயது என்னும் ஓய்வு வயதை எட்டுகிறது. 2024இல் இந்தியத் திறன் பணியாளர்களுக்கான ஆண்டு விசா எண்ணிக்கையை 20,000இலிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக அந்நாடு அறிவித்ததன் பின்னணி இதுதான். ஜப்பான் 2019 ஏப்ரலில் ‘குறிப்பிட்ட திறன் பணியாளர்’ விசாவைத் தொடங்கி, 2021 ஜனவரியில் இந்தியாவோடு உடன்பாடு செய்துகொண்டது. இரண்டிலும் தடை மொழிதான். செவிலியராக உரிமம் பெற ஜெர்மனியில் பொதுவாக ஜெர்மன் மொழியில் பி2 என்னும் தேர்ச்சி நிலை வேண்டும். ஜப்பானில் என்4 நிலை ஜப்பானிய மொழித் தேர்வு அல்லது அதற்கு இணையான அடிப்படைத் தேர்வோடு, முதியோர் பராமரிப்புக்கென்றே தனி மொழித் தேர்வும் உண்டு. பி2 நிலைக்கு வர ஓராண்டுக்கு மேலாகலாம் என்பதால், படிப்பின் கடைசி ஆண்டிலேயே மொழி வகுப்பைத் தொடங்கிவிடுங்கள்.

பணம் கொடுக்கும் முன் முகவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கான இ-மைகிரேட் இணையதளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதன்மீதான ஜிஎஸ்டியும் மட்டுமே. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரித்து, ஒப்பந்தத்தின் நகல் உங்களுக்குப் புரியும் மொழியில் கையில் கிடைத்த பிறகே கையெழுத்திடுங்கள்.